தம்பி கழுவிய தரை

உயர்தர வகுப்பு வேதியியலில் எசுத்தர் பாடம் வருகிற கிழமையில் நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் அதுதான் எனக்குப் பிடித்த பாடம். வினாகிரியில் இருக்கிற எதனோயிக்கமிலம் கொஞ்சம், சாராயத்தில் இருக்கிற எதனோல் கொஞ்சம், ஊக்கியாகச் செறிந்த சல்பூரிக்கமிலம் சில துளி. சோதனைக்குழாயைச் சுடுநீருக்குள் வைத்துவிட்டு, "இப்ப மணந்து பாருங்க" என்பேன். ஒருத்தி பழம் என்பாள். இன்னொருத்தி நகப்பூச்சு என்பாள். பின்வாங்கில் இருக்கிற குழப்படிக்காரன் எவனாவது, "புளிச்ச கள்ளு, ரீச்சர்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைப்பான். எல்லாமே சரிதான். பழுத்த பழத்திலும், புளித்த கள்ளிலும், நகப்பூச்சைக் கரைக்கிற தண்ணீரிலும் இருப்பது எதைல் அசற்றேற்று என்கிற எசுத்தர், அந்த ஒரே சாமான்.

அந்தச் சாமானில்தான் என் தம்பி வெந்து செத்தான். செத்தான் என்றுதான் எழுதுவேன். காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்பதெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் போட்டு, மதிலில் கட்டி, வெயிலில் வெளிறிப் போயாயிற்று.

அவன் போன பிறகு ஊர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நெருப்பை யார் கொளுத்தினது? என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி யாருக்கும் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரு சனம் கேட்கவில்லை. யார் கொளுத்தினது என்பது மட்டும்தான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அந்தப் பதிலில் ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கை தங்கியிருந்தது. அவள் என் தம்பியின் மனைவி. பதில் தெரிந்தவர்கள் அவனும் அவளும் நானும்தான்.

தம்பி வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறவன். ஆட்டோ, மோட்டார் சைக்கிள், உப்புக் காற்று தின்ற பாசிக்குடா ஹோட்டல் வான்கள் எல்லாம் அவனிடம் வரும். கராஜ் இருந்தது அமிர்தகழியில், அவனுடைய மனைவியின் வளவுக்குள், வாவிப் பக்கமாக. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். வீடு பெண்ணுக்குரியது. தாய் இருப்பதும் மகளோடுதான். அப்படித்தான் அம்மா நாவற்குடாவில் என்னோடு இருந்தாள், தம்பி அமிர்தகழிக்குப் போனான்.

அவன் அந்த வீட்டுக்குப் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பெண்ணுக்கு முதலில் பேசி வைத்திருந்தவன் கட்டாரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனவன். அதற்குப் பின்னால் அவளுடைய தகப்பனும் போய்விட்டார். ஊர் உடனே பெயர் வைத்துவிட்டது, ராசியில்லாதவள் என்று. கட்டாரில் சாரத்தை ஒழுங்காகக் கட்டாதவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தகப்பனுக்கு இருந்த சீனி வருத்தத்தைப் பற்றியும் திறக்கவில்லை. எல்லாம் இருபத்துச் சொச்சம் வயதுப் பெட்டை ஒருத்தியின் காலில் இருந்த ராசியாம். தம்பி ஒற்றைக் காலில் நின்று அவளைத்தான் முடித்தான். அம்மா சம்மதித்தாள், வாயை மட்டும் கட்டவில்லை. அங்கே கறியில் உப்புக் கூடினாலும், "அவள்ட ராசி" என்பாள். தம்பி கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான். சிரித்தானே தவிர அது அவனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும்.

சாமான்களின் விலை ஏறின காலத்தில் பெயின்ட் கரைக்கிற கடைத் தின்னரில் கலப்படம் வரத் தொடங்கியது. அடித்த பெயின்ட் பாலாடை போல வெளிறிப்போய் நிற்கும். வாடிக்கையாளர் வந்து கத்துவார்கள். தம்பி பார்த்தான், கொழும்பிலிருந்து சுத்தமான எதைல் அசற்றேற்றை ஒரு நீலப் பீப்பாயில், பரலில், இறக்கினான். அதோடு வாழைப்பழ மணம் அடிக்கிற பியூட்டைல் அசற்றேற்றையும் வேறு சிலதையும் கலந்து தன் தின்னரைத் தானே செய்துகொண்டான். பரல் வந்து இறங்கின அன்றைக்கு எனக்குப் பெருமையாக அழைப்பு எடுத்தான்.

"அக்கா, உங்கட பாடம் முழுசா ஒரு பரல்ல வந்திரிக்கி. பெரிய பெரிய கொதிகலன்ல காய்ச்சி, தண்ணிய இழுத்து எடுத்து எடுத்துத்தான் செய்யிறாங்களாமே?"

"ஓம்டா. தண்ணிய எடுக்காட்டித் தாக்கம் பின்னுக்குத் திரும்பிரும். மூடிய இறுக்கி வை. உள்ளுக்கு ஈரம் போனா திரும்ப வினாகிரி மணக்கத் தொடங்கிரும்."

"அப்ப அச்சாறு போடலாம்" என்றான்.

அவனோடு இப்படித்தான். எதைச் சொன்னாலும் பகடி. ஆனால் சொன்னதைச் செய்யாமல் விடமாட்டான். கராஜிலிருந்து தள்ளி, மாமர நிழலில், கல் வைத்துச் சின்ன அறை ஒன்று கட்டச் சொன்னேன், கட்டினான். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரம், மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும், அதனால் ஓட்டைகளைச் சுவரின் அடியில் விடு என்றேன், விட்டான். உள்ளே சுவிட்ச் வேண்டாம், மின்குமிழ் வேண்டாம் என்றேன். பரலிலிருந்து தகரத்துக்கு ஊற்றும்போது இரண்டையும் வயரால் தொடுத்து நிலத்தில் இறக்கு, ஊற்றுகிற வேகத்திலேயே பொறி பிறக்கும் என்றேன். எல்லாம் செய்தான். பிளாஸ்ரிக்கில் ஊற்றாதே என்றதில் மட்டும் ஒரு நாள் என்னை ஏமாற்றப் பார்த்தான். யோகட் கோப்பை ஒன்றில் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பினால் கோப்பையின் அடி கரைந்து, சாமான் முழுக்க மேசையில். "என்ன மாயமக்கா இது!" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுவதை அவனுக்கும் காட்டினேன். வீட்டுத் தாழ்வாரத்து மழைத்தண்ணீர்ப் பீலியில் கழற்றின ஒரு துண்டைச் சரிவாக வைத்து, கீழ் நுனியில் மெழுகுதிரியைக் கொளுத்தி, மேல் நுனியில் நனைந்த பஞ்சைப் பிடித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்து மெழுகுதிரியிலிருந்து நீலச் சுவாலை பீலி வழியே மேலே ஓடி வந்து பஞ்சைப் பிடித்தது. தம்பி கைதட்டினான். அவன் மனைவியும் பக்கத்தில் நின்று, "அம்மாடி" என்று கன்னத்தில் கை வைத்தாள். இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்கள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவன் மேல் கொதி வருகிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

ஆயுத பூசைக்கு அவன் கராஜ் முழுவதையும் கழுவுவான். வருடம் முழுக்கத் தரையில் சிந்திக் கட்டிப்போன பெயின்ட் கறைகளை மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுத் தேய்ப்பான், அரைவாசி போகும், அரைவாசி போகாது. அந்த வருடம் நானும் அம்மாவும் ஆட்டோவில் போய் இறங்கினபோது தரை சீமெந்து பூசின அன்று இருந்ததுபோல் இருந்தது. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது, பின்கதவும் திறந்திருந்தது, வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று ஊடே வீசிக்கொண்டிருந்தது. நடுவில் பாய் விரித்து, ஸ்பிரே கன், சாவிகள், பள்ளம் அடைக்கிற புட்டியைத் தேய்க்கிற தகடுகள், கொம்பிரசரின் குழாய் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"என்னத்தாலடா கழுவின?"

"உங்கட எசுத்தராலதான் ரீச்சர். ஊத்தினன், துடைச்சன், கறையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போயிட்டு."

"உனக்கு விசரா? எவ்வளவு ஊத்தின?"

"காய்ஞ்சிட்டக்கா. தொட்டுப் பாருங்க, ஈரம் இரிக்கா?"

"காய்ஞ்சதெண்டா எங்கடா போன? காத்துக்குள்ளதானே நிக்கிது."

"காத்துத்தான் றோட்டுக்குப் போகுதே. போறவன் வாறவன் மயங்கட்டும்."

துடைத்த துணிகளை மூலையில் ஒரு தகரத்தில் போட்டு வைத்திருந்தான். அதை வெளியே கொண்டுபோய்ப் போடு, அந்தியாகும் வரைக்கும் கதவைச் சாத்தாதே என்றேன். "ஓம், ஓம், அக்கா சொன்னா சட்டம்" என்றான். பூவும் பழமும் கழுவ நான் கிணற்றடிக்குப் போகப் புறப்பட்டேன்.

அப்போதுதான் அவன் மனைவி குத்துவிளக்கை ஏற்றினாள். கதவெல்லாம் திறந்து காற்று ஓடுகிறதே என்று நானும் தடுக்கவில்லை. காற்று அணைத்துவிட்டது. கையால் மறைத்துக்கொண்டு திரும்ப ஏற்றினாள், திரும்பவும் அணைந்தது. முற்றத்தில் கதிரை போட்டு இருந்த அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ம்ம். இவள் ஏத்தினா விளக்கும் நிக்குதில்ல."

அவள் தலை குனிந்தாள். தம்பியின் முகம் சிவந்துபோனது. நான்தான், "அம்மா, வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்களன், இது காத்து" என்று கத்தினேன். கத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே நிற்கும்போது ஷட்டர் இழுபடுகிற சத்தம் கேட்டது. முதலில் காற்றுக்குப் பாதி இழுத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். பிறகு அது தரையில் போய் முட்டின சத்தமும் கேட்டது. பழத்தை வாளியிலேயே போட்டுவிட்டு எழுந்து நடந்தேன்.

பின்கதவும் சாத்தி, ஒரு கை அகலத்துக்கு மட்டும் திறந்திருந்தது. கிட்டப் போகும்போதே மணம் முகத்தில் அடித்தது. உள்ளே அரை இருட்டு. அவள் விளக்குக்கு முன்னால், கற்பூரத் தட்டைத் தரையில் வைத்துக் குந்தியிருந்தாள். தம்பி மூலையில், துணித் தகரத்துக்குப் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ட கையில தின்னர் இரிக்கி, நெருப்புப் பிடிச்சிரும். நீயே கொளுத்து. இப்ப நிக்கும் பார்" என்றான்.

அவன் கவனமாகத்தான் இருந்தான். கையில் இருந்ததற்குப் பயந்தான். அறை முழுக்க நின்றதற்குப் பயப்படவில்லை.

"கொளுத்தாத!" என்று நான் கத்தினதும் அவள் குச்சியை உரசினதும் ஒன்றாக நடந்தது. வெடிச் சத்தம் கேட்கவில்லை. காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுச் சுணங்கிப் பற்றவைத்தால் வருமே, அந்தச் சத்தம்தான், ஆனால் ஒரு வீட்டளவு. கதவு என்னை அடித்து முற்றத்தில் தள்ளியது. எழுந்து பார்க்கையில் அவள் கதவடியில் கிடந்தாள், இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. அவளைக் காலில் பிடித்து இழுத்தேன். தம்பி நின்ற மூலையில் தகரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வளவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீன்பிடிகாரர் ஈரச் சாக்கோடு உள்ளே பாய்ந்து அவனைக் கொண்டு வந்தார். அவன் தன் காலால் நடந்துதான் வந்தான். அதுதான் எங்களை ஏமாற்றியது. நடக்கிறான், பேசுகிறான், பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தோம்.

ஆஸ்பத்திரியிலும் பேசினான். முகம் வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது, குரல் மட்டும் கரகரத்தபடி அவனுடையதாகவே இருந்தது. "என்ன அக்கா, நான் இப்ப எசுத்தரா, அமிலமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. ஆவி உள்ளே போய்ச் சுவாசக்குழாய் வெந்திருக்கிறது என்று டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவனுக்குச் சொல்லவில்லை.

வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டிலடிக்கு வந்தார்.

"ஆர் தம்பி நெருப்புக் கொளுத்தின?"

"நான்தான் சேர்."

"உங்கட மிஸிஸ் எங்க நிண்டவ?"

"அவ வாசல்ல நிண்டவ சேர். என்ன இழுக்க உள்ளுக்கு வந்துதான் அவட கை வெந்த."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பொலிஸ்காரர் எழுதினார். அவர் போன பிறகு குனிந்து கேட்டேன், "ஏன்டா பொய் சொன்ன?"

"எங்கக்கா பொய்? நான்தானே கொளுத்தச் சொன்னன்." மூச்சு வாங்கினான். "ஊர் அவள விடாது. அம்மா அறவே விடமாட்டா. நீங்க கண்டத விழுங்கிருங்க."

"நீ எழும்பி வந்து நீயே எல்லாருக்கும் சொல்லு. எனக்கு ஏலாது."

"ஓம். எழும்பி வாறன். மறுகா சொல்லுவம்."

அதற்குப் பிறகு குழாய் போட்டார்கள், பேச்சு நின்றுபோனது. தீபாவளிக்கு முன்னமே செத்துப்போனான்.

மரண விசாரணையில் என்னையும் கேட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் சொன்னேன், அறைக்குள் ஆவி நிறைந்திருந்தது, தீக்குச்சி இல்லாவிட்டாலும் ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் போதும், கொம்பிரசர் ஒருதரம் உறுமியிருந்தால் போதும் என்று. விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது விளங்கிது ரீச்சர். கொளுத்தின ஆர்?" என்றார். "தம்பி பொலிசுக்குச் சொன்னதுதான் சேர்" என்றேன். அவர் தலையாட்டினார், நான் வந்து இருந்தேன்.

இதையெல்லாம் நான் ஏதோ பெரிய மனசில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவள் மேல் வெறுப்பு. காரணமில்லாத வெறுப்பு என்று தெரியும். வேதியியல் படித்த மண்டைக்கு எல்லாம் நன்றாகவே விளங்கியது. ஆனால் கண்ணை மூடினால் அவளுடைய விரலில் குச்சி பற்றுகிறதுதான் வரும். நான் கத்தினேனே, ஏன்டி அரைக் கணம் பொறுக்கவில்லை என்று அவளுடைய தலைமுடியைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருக்கும். கேட்கவில்லை. தம்பி விழுங்கச் சொன்னதை விழுங்கினேன், அது நெஞ்சிலேயே நின்றது.

அவளை ஊர் தூக்கி வைத்துக்கொண்டாடியது. புருஷனைக் காப்பாற்ற நெருப்புக்குள் பாய்ந்தவளாம். ராசியில்லாதவள் என்ற அதே வாய்கள் இப்போது பத்தினி என்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்க்க வருகிற பெண்கள் அவளுடைய கைக்கட்டுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். கட்டுக்குள்ளே வெந்த கையை விட அது அவளுக்கு வலித்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை அமிர்தகழியில் அவளுடைய வீட்டில் நடந்தது. படையல் முடிந்து, சாப்பிட்டு, ஆண்கள் பந்தலுக்குக் கீழே போய்விட, பெண்கள் விறாந்தையில் இருந்தோம். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எனக்குச் சின்னம்மா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஆறுதல் சொன்னாள்.

"ஒண்டுக்கு நல்ல காலம் புள்ள. உன்ட கையால அது நடக்கல்ல. நடந்திருந்தா இந்த ஊர் உன்ன உசிரோட விட்டிருக்குமா?"

அவள் எழுந்து நின்றாள். கட்டுப்போட்ட கைகள் இரண்டையும் முன்னால் நீட்டினாள்.

"என்ட கையாலதான் நடந்த."

"என்னகா சொல்றாய்?"

"நான்தான் கொளுத்தினன். நான் ஆரையும் இழுக்கவும் இல்ல, காப்பாத்தவும் இல்ல. அவர் எனக்காகப் பொய் சொன்னவர். இனி ஒருத்தரும் என்ட கையத் தொட்டுக் கும்பிட வேணாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சாள் கண்டவ. கேட்டுப் பாருங்க."

யாரோ ஒருத்தி, "அட பாவி, நீயா அந்தப் பொடியனச் சாகடிச்ச" என்றாள். இன்னொருத்தி, "அப்பவே சொன்னாங்களே, அவள்ட ராசி" என்று தொடங்கினாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அவள் இன்னும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர்தான் கொளுத்தச் சொன்னவர் என்று சொல்லியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. செத்தவனை விட்டுக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

எனக்கு அவள் மேல் இருந்த வெறுப்பு அந்த இடத்தில்தான் விட்டது. அது போய் முழுக் கோபமும் விறாந்தையில் இருந்தவர்கள் மேல் வந்தது.

"ஓம், கண்டன்" என்றேன். "குச்சிய உரசினது இவள்தான். தரைக்குத் தின்னர் ஊத்தினது ஆரு? தம்பி. துணித் தகரத்த உள்ளுக்கே வெச்சது ஆரு? அவன்தான். ஷட்டர இழுத்து மூடினதும் அவன்தான். இவள் தன்பாட்டுக்குக் கொளுத்தல்ல. என்ட கையில தின்னர் இரிக்கி, நீ கொளுத்து எண்டு அவன் சொன்னத நான் வாசல்ல நிண்டு கேட்டன். செத்தது அவன்ட பிழையால. என்ட தம்பிதான், எனக்கு இல்லாத வலியா உங்களுக்கு? ஆனா பிழை அவன்ட. இவள்ட ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"ஏன்டி மூடினான்?" என்று சின்னம்மா கேட்டாள். "வெயில் காலத்துல ஏன் போய் ஷட்டர மூடினான்?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. "காத்துக்கு" என்றேன். "விளக்கு அணைஞ்சிது. அதுக்கு."

விளக்கு அணைந்தபோது அம்மா சொன்னதை நான் சொல்லவில்லை. என் வாய்க்கு அது எட்டித்தான் வந்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். அம்மாவுக்கும் தெரியும் நான் அதைச் சொல்லாமல் விட்டேன் என்று. ஆனால் அவள் காதில் விழுந்தது அது இல்லை. தன் பிள்ளை தன் பிழையால் செத்தான் என்று, தன் வயிற்றில் பிறந்தவளே சபையில் நின்று சொன்னதுதான் அவளுக்குக் கேட்டது. மூலையில் சுவரோடு சாய்ந்து, கண்ணிமைக்காமல் இருந்தாள். ஒவ்வொருத்தியாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆட்டோ வந்து நின்றபோது, "அம்மா, எழும்புங்க, போவம்" என்றேன். அம்மா எழும்பவில்லை. யாருக்கோ சொல்லுகிறவள் போல, "நான் இஞ்சதான்" என்றாள். எங்கள் பக்கத்தில் மகள் இருக்க மருமகள் வீட்டில் போய்த் தங்குகிற தாயை நான் கண்டதில்லை. இரண்டு மூன்று நாளில் கோபம் தணிந்து வருவாள் என்று நினைத்து, உடுப்புகளைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பை திரும்பி வரவில்லை.

தம்பியின் மனைவியின் விரல்கள் காயம் ஆறும்போது உள்ளுக்கு மடிந்து இறுகிவிட்டன. கரண்டி பிடிக்க ஏலாது, தலை வார ஏலாது. திரும்பவும் வெட்டி விரிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவளைக் குளிப்பாட்டுவதும் சேலை உடுத்திவிடுவதும் அம்மாதான். ஊரில் யாரும் இப்போது அவள் ராசியைப் பற்றி அம்மாவின் காதுபடப் பேசுவதில்லை. பேசினவளுக்கு அம்மா முற்றத்தில் நின்று கொடுத்த ஏச்சு சந்திவரை கேட்டதாம். அதைக் கேள்விப்பட்டு நான் தனியே இருந்து அழுதேன். தம்பி கேட்டது அதைத்தானே.

பள்ளிக்கூடம் விட்டு ஒரு நாள் அங்கே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டேன், அம்மா சோற்றில் மீனாணம் விட்டுப் பிசைந்து, முள் பார்த்து எடுத்து, உருட்டி அவளுடைய வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் எனக்கும் சின்னதில் அப்படித்தான் தீத்துவாள். அவள் என்னைக் கண்டுவிட்டு, வாயில் சோற்றோடு எழும்பப் பார்த்தாள்.

"மாமி, மச்சாள் வந்திரிக்கா. உங்கட மகள்."

அம்மா திரும்பவில்லை. அடுத்த உருண்டையைப் பிடித்து, அதிலும் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு இருந்த ஒரு புள்ளதான்" என்றாள். "அது போயிட்டு. நீ வாயத் திற."